திறந்த கார்டில் ஒரு ரகசியம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் பெருமுக்கல் மலையைப் பார்க்காமல் போக முடியாது. சுற்றிலும் வயலும் ஏரியுமாகக் கிடக்கும் சமவெளியில் திடீரென்று ஒரு பாறைக் குன்று எழுந்து நிற்கிறது. உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில். வழியில் இடிந்த கோட்டைச் சுவர்கள். பக்கத்துக் குன்றுகளைக் கல் உடைக்கிறவர்கள் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெடி வைக்கும் ஓசை மலைமேல் நிற்கும்போது பாதத்தில் தெரிகிறது.

சென்ற தை மாதம் நான் அந்த மலையில் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வது சற்று அதிகம். பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்கி, ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்தாறு வயதில் அதுவே பெரிய காரியம். கூட வந்த பையன், என் அத்தையின் கொள்ளுப் பேரன், "தாத்தா, இன்னும் கொஞ்சம் வந்தா சீதை குகை" என்று கையைப் பிடித்து இழுத்தான்.

சீதாதேவி வனவாசத்தில் இங்கேதான் லவனையும் குசனையும் பெற்றாள் என்பது அந்த ஊர் ஐதீகம். ஐதீகம் எப்படியானாலும், குகைப் பாறையில் சில கீறல்கள் இருக்கின்றன. கோடுகள், குறிகள், ஏதோ உருவங்கள் மாதிரி வளைவுகள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதர் செதுக்கியவை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அவற்றில் சில சிந்துவெளி முத்திரைக் குறிகளைப் போல இருக்கின்றன என்று சொல்கிறவர்களும் உண்டு. அதைச் சொல்வதால் நமக்கு லாபம் ஒன்றும் இல்லை. சிந்துவெளி எழுத்தையே இன்னும் யாரும் படிக்கவில்லையே! 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு அரசு, அதைப் படித்துக் காட்டுகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தது. பரிசு இதுவரை பத்திரமாகத்தான் இருக்கிறது.

"இது ரகசிய எழுத்தா தாத்தா?" என்று பையன் கேட்டான்.

"இல்லையடா. யாருக்கும் புரியாத எழுத்து ரகசியம் ஆகாது. எழுதினவனுக்கும் இன்னொருவனுக்கும் புரிந்து, மூன்றாம் ஆளுக்குப் புரியாமல் இருந்தால்தான் ரகசியம்" என்றேன்.

சொல்லும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த "இன்னொருவன்" என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஏனென்றால், சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே மலையடிவாரத்து ஊரிலிருந்து வந்த ஒரு ரகசியக் கடிதத்தைப் படித்தும் புரிந்துகொள்ளாத அந்த இன்னொருவன் நானேதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெருமுக்கல் கோட்டைக்குச் சரித்திரத்தில் சிறிய இடம் உண்டு. பரங்கியர்கள் அதன் பெயரைப் 'பெர்மாக்காயில்' என்று தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசிச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த அயர் கூட், அதே ஆண்டில் புதுச்சேரியை நோக்கி வரும்போது இந்தக் கோட்டையைப் பிடித்தார். இருபது ஆண்டுகள் கழித்து ஹைதர் அலி கர்நாடகத்தின் மேல் பாய்ந்தபோது மறுபடியும் முற்றுகை. 1781 ஜனவரியில் அதே கூட், இப்போது கிழவராகி, வந்து இதை விடுவித்தார். 1782-இல் ஹைதரின் படையும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து இதைக் கைப்பற்றிக்கொண்டன.

இந்த யுத்தங்களைப் பற்றிப் படிக்கும்போது பீரங்கிகளைவிட என் மனத்தைக் கவர்ந்தவர்கள் ஹர்க்காராக்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிரிப் படைக்கு நடுவே நடந்து போகிறவர்கள். வழிகாட்டிகளும் அவர்களே, ஒற்றர்களும் அவர்களே. யாருக்கு ஒற்றர்கள் என்பதுதான் எப்போதும் சந்தேகம்! 1780 செப்டம்பரில் காஞ்சீபுரத்தில் இருந்த மன்றோ, பெய்லியின் படைக்குத் துணையாகப் பிளெட்சர் என்பவரோடு சுமார் ஆயிரம் பேரை அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரிடம் காசு வாங்கியவர்கள் என்று பிளெட்சருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அவர்கள் காட்டிய பாதையை விட்டு வேறு பாதையில் போனார். அதனால் தப்பித்துப் பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்து என்ன பயன்? செப்டம்பர் 10-ஆம் தேதி பொள்ளிலூரில் அந்தப் படை முழுவதும் நாசமாயிற்று. செய்தியைக் கொண்டுபோகிறவனை நம்ப முடியாவிட்டால், போகிற வழியையே மாற்றவேண்டியிருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

தூதனை நம்ப முடியாதபோது கடிதத்துக்கே பூட்டுப் போடலாம். ஜூலியஸ் சீஸர் அப்படித்தான் செய்தார். கால் நாட்டில் எதிரிகளிடம் அகப்பட்டு முற்றுகையில் இருந்த தம்முடைய தளபதி குவிண்டஸ் சிசரோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வழியில் பிடிபட்டால் படிக்க முடியாதபடி கிரேக்க எழுத்தில் எழுதினார். ஓர் ஈட்டியில் கட்டி உள்ளே எறியும்படி சொன்னார். தூதன் எறிந்தான். ஈட்டி ஒரு கோபுரத்தில் போய்க் குத்தி நின்றது. இரண்டு நாள் யாரும் அதைக் கவனிக்கவில்லை! மூன்றாம் நாள்தான் ஒரு சிப்பாய் பார்த்து எடுத்துக் கொடுத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து, 1857-இல் லட்சுமணபுரி முற்றுகையின்போது ஆங்கிலேயத் தளபதிகளும் இதையேதான் செய்தார்கள். ஆங்கில வார்த்தைகள், கிரேக்க எழுத்து. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த கிரேக்கம் அப்படி ஒரு நாள் உபயோகப்பட்டது.

ஆனால் இதெல்லாம் கனவான்களின் வித்தை. இரண்டு பக்கமும் படித்தவர்கள். சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள்?

நம்முடைய இலக்கணக்காரர்களைக் கேட்டால் பதில் இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் 'குழூஉக்குறி' என்று ஒன்றைச் சொல்கிறார். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்களாம். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்களாம். வேடர்கள் கள்ளுக்குச் 'சொல்விளம்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள். குடித்தவன் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான் அல்லவா? அந்த வேடனுக்கு ஒரு கும்பிடு போடவேண்டும். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுகிறார்களே, அதுவும் இந்த ஜாதிதான். சின்ன வயதில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்து நாம் பேசிய பாஷை இருக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்குப் புரியவில்லை என்று நாம் நம்பியிருந்தோம். அவர்களும் சின்னவர்களாக இருந்தவர்கள்தானே!

வாத்ஸ்யாயனர் சொன்ன அறுபத்து நான்கு கலைகளில் ரகசிய எழுத்தும் ஒன்று. அதைப் பெண்கள் கற்கவேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பெரியவர் எந்தப் பெண்ணை மனத்தில் வைத்து எழுதினாரோ தெரியாது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஐந்தாவது வகுப்புக்கு மேல் எதுவும் கற்றுக் கொடுத்ததில்லை.

பெண் எழுதிய கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மாதவியின் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தைக் கோவலன் வாங்கவே மறுத்துவிட்டான். மதுரைக்குப் போகும் வழியில், கோசிகன் என்ற அந்தணன் கையில் வந்த ஓலையை வாங்கினான். ஓலைக்கு மண் முத்திரை. அந்த மண்ணில் மாதவியின் கூந்தல் பதிந்திருந்தது. கூந்தல் தைலத்தின் மணமும் வந்தது. யார் அனுப்பியது என்பதை அந்த மணமே சொல்லிவிட்டது. உடைத்துப் படித்துவிட்டு அவன் என்ன செய்தான்? இந்த வாசகம் என் தாய் தந்தையருக்கு நான் எழுதுவதற்கும் அப்படியே பொருந்துகிறது என்று சொல்லி, அதே ஓலையைக் கோசிகனிடம் கொடுத்துத் தன் பெற்றோரிடம் சேர்க்கச் சொன்னான். மாதவிக்குப் பிரிந்த காதலி எழுதியது. மாசாத்துவானுக்குப் பிள்ளை எழுதியது. எழுத்து ஒன்றே. மறைத்து எழுதாமலே இரண்டு பொருள்!

பெருமுக்கல்லிலிருந்து ஒரு நாள் நடையில் புதுச்சேரி. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலேயே அதிகமாக உளவு பார்க்கப்பட்ட தபால் அங்கே போன தபாலாகத்தான் இருக்கும். 1908-இல் பாரதியார் அங்கே போனார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் லண்டனிலிருந்து பாரீஸுக்குத் தப்பி, வேஷம் போட்டுக்கொண்டு பல தேசங்கள் சுற்றி வந்து சேர்ந்தார். கப்பலில் ஓர் உளவாளி ஐயர் பெயருக்கு வந்த தந்தியை அவரிடமே நீட்டிச் சோதித்துப் பார்த்தானாம். அவர் கண் இமைக்காமல், அது என்னுடையது அல்ல, வேண்டுமானால் நீயே பிரித்துப் படித்துக்கொள் என்றாராம். சொல்கிற கதைதான். ஆனால் ஐயரைப் பற்றிச் சொன்னால் நம்பத் தோன்றுகிறது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1898-ஆம் ஆண்டுத் தபால் சட்டம் இருந்தது. பொதுஜன பத்திரத்துக்காக எந்தக் கடிதத்தையும் சர்க்கார் நிறுத்திப் பார்க்கலாம் என்று அதில் ஒரு பிரிவு. சுதந்திரம் வந்த பிறகும் அந்தச் சட்டம் நீடித்தது. அதற்குப் பதிலாக 2023-இல் புதுச் சட்டம் செய்தார்கள். அந்த அதிகாரம் மட்டும் புதுச் சட்டத்திலும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது.

புதுச்சேரியில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அரவிந்தர் சந்திரநாகூரில் இருந்த மோதிலால் ராய்க்குக் கடிதம் எழுதினார். சந்திரநாகூரும் பிரெஞ்சு எல்லை, புதுச்சேரியும் பிரெஞ்சு எல்லை. நடுவில் கிடப்பதோ வெள்ளைக்காரன் சீமை. அந்தக் கடிதங்களில் 'தாந்திரிகக் கிரியை' என்று வரும். படிக்கிறவர்கள் யாரோ சாக்தர்கள் பூஜை விஷயம் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைக்கவேண்டும். உண்மையில் அது புரட்சி வேலைக்குக் குழூஉக்குறி. கடிதத்தின் அடியில் கையெழுத்து, 'காளி'. யோகி ஒருவர் தந்திரத்தைப் பற்றி எழுதுவதில் எந்தப் போலீஸ்காரன் குற்றம் காண்பான்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரகசிய எழுத்து கையில் இருப்பதே ஆபத்து. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே சதிக் கடிதங்கள். எல்லாம் பொய்க் கடிதங்கள். உளவாளிகளின் ஏற்பாட்டில் போடப்பட்டவை. சுதேசிகள் முந்திக்கொண்டு தாங்களே பிரெஞ்சுப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்கு வந்த நீதிபதி அரவிந்தர் வீட்டையும் சோதனை போட்டார். மேஜை மேல் கிரேக்கமும் லத்தீனும் கிடந்தன. சதிகாரனைத் தேடி வந்த மனிதருக்கு ஒரே சந்தோஷம்! இவ்வளவு படித்தவரா என்று மரியாதை செலுத்திவிட்டுப் போய்விட்டார். சீஸருக்குப் பூட்டாக உதவிய கிரேக்கம், புதுச்சேரியில் நற்சாட்சிப் பத்திரமாக உதவியது.

இனி என்னுடைய கதைக்கு வரலாம்.

செஞ்சிக்கு மேற்கே எங்கள் ஊர். 1957-இல் எனக்கு எட்டு வயது. அதற்கு முந்திய ஆண்டுதான் அத்தையைப் பெருமுக்கல்லில் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு மோட்டாரில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிற தூரம். அன்றைக்கு அது வேறு தேசம். இரண்டு ஊருக்கும் நடுவே போய் வந்தது தபால் கார்டு ஒன்றுதான்.

தபால் கார்டு இந்தியாவுக்கு வந்தது 1879-இல். கால் அணா விலை. ஏழைகளின் கடிதம் அது. அந்த ஏழை எழுதியதை வழியில் போகிறவர்கள் எல்லாரும் படிக்கலாம். தபால்காரர் படிப்பார். கடைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் படிப்பார். படிக்கத் தெரியாதவர் வீட்டுக்கு வந்தால், வாத்தியார் உரக்கப் படிக்க, தெருவே கேட்கும். ஊர் அறிந்த அடையாளங்களும் அதில் இருந்தன. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணச் சேதி. சாவுச் சேதியாக இருந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மற்றக் கார்டுகளை ஒரு கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கும்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே நான்தான் அவளுடைய ராயசம். மாதம் இரண்டு தடவை, "அத்தைக்கு ஒரு காகிதம் போடுடா கண்ணு" என்பாள். நலம், நலமறிய ஆவல், மழை, மாடு கன்று, எல்லாம் எழுதின பிறகு கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "கறிவேப்பிலைக் கன்று எப்படி இருக்குன்னு கேளு." கல்யாணத்தின்போது பாட்டி எங்கள் கொல்லையிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பிடுங்கி, வேர் மண்ணோடு வாழைப்பட்டையில் கட்டி, பெண்ணோடு அனுப்பியிருந்தாள். அத்தையின் பதிலிலும் கடைசி வரியில் "கன்று தழைத்திருக்கிறது" என்று வரும். அத்தையின் கார்டை அவள் மாமனார் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். எங்கள் கார்டையும் அவர்தான் பிரித்துப் படிப்பார். அல்ல, பிரிப்பதற்குத்தான் ஒன்றுமே இல்லையே!

அந்த ஆண்டுக் கார்த்திகை தீபத்துக்குப் பாட்டி திருவண்ணாமலைக்குப் போனாள். அங்கிருந்து போளூரில் தன் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டாள். அப்போது ஒரு கார்டு வந்தது. "கறிவேப்பிலைக் கன்று வாடிவிட்டது. அம்மாவிடம் சொல்லவும்." தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். தாத்தா விவசாயி. "புளிச்ச மோரை ஊத்தச் சொல்லுடா, துளிர்த்துக்கும்" என்றார். நான் உடனே பதில் கார்டு எழுதினேன். தாத்தா சொன்னதோடு நிற்கவில்லை. வேரில் கரையான் இருந்தால் சாம்பல் போடவும் என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். எனக்கு அந்தக் கார்டைப் பற்றி நிரம்பப் பெருமை. அத்தையின் கார்டைக் கம்பியில் குத்திவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

பாட்டி திரும்பி வந்தாள். இரண்டு நாள் கழித்துக் காகிதம் எழுத உட்கார்ந்தோம். கடைசி வரி வந்தது. "அதுதான் வாடிப்போச்சாம் பாட்டி. நான் மோர் ஊத்தச் சொல்லி எழுதிட்டேன்" என்றேன்.

பாட்டியின் முகம் அப்போது மாறிய மாதிரியை நான் மறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய்க் கம்பியிலிருந்து அந்தக் கார்டைத் தேடி எடுக்கச் சொன்னாள். கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று ராத்திரியே சித்தப்பாவைச் செஞ்சிக்கு நடக்க வைத்து, விடியற்காலை முதல் பஸ்ஸில் திண்டிவனத்துக்கு ஏற்றிவிட்டாள்.

சித்தப்பா அத்தையை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்தார். ஐந்து மாதக் கர்ப்பம் கலைந்திருந்தது. அதன் பிறகு விட்டு விட்டு ஜுரம். வைத்தியம் ஒன்றும் நடக்கவில்லை. வேலை மட்டும் நடந்திருக்கிறது. அத்தையின் புருஷன் நல்ல மனிதர்தான், ஆனால் வெளியூரில் உத்தியோகம். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அத்தை பிழைத்தாள். கன்று வாடிவிட்டது என்றால் வந்து கூட்டிக்கொண்டு போ என்று பொருள். தாயும் மகளும் கல்யாணத்துக்கு முதல் நாள் கிணற்றடியில் பேசி வைத்துக்கொண்டது. தாத்தாவிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை, நான் குழந்தை. பாட்டி ஊரில் இல்லாமல் போகலாம் என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

1883-இல் கெர்க்காஃப்ஸ் என்பவர் ராணுவ ரகசிய எழுத்தைப் பற்றி எழுதினார். அவர் வகுத்த ஆறு விதிகளில் கடைசி விதியை நான் மிகவும் தாமதமாகத்தான் படித்தேன். பூட்டு எளிதாக இருக்கவேண்டும், மூளையைக் கசக்கவோ நீண்ட விதிகளை நினைவு வைக்கவோ அவசியம் இருக்கக் கூடாது என்பது அது. அந்த ஆறாவது விதியைத்தான் பிற்காலத்துக் கெட்டிக்காரர்கள் அடிக்கடி மறந்தார்கள். 1976, 1977-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஓர் அபூர்வமான வித்தையைக் கண்டுபிடித்தார்கள். பூட்டை ஊரெல்லாம் கொடுத்துவிடலாம், யாரும் பூட்டலாம், திறவுகோல் மட்டும் என்னிடம் இருக்கும். கிணற்றடியில் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவே வேண்டாம்! 1991-இல் ஃபில் சிம்மர்மன் இதைச் சாதாரண ஜனங்களின் கம்ப்யூட்டருக்கு என்று ஒரு புரோகிராமாகவே செய்து இலவசமாகக் கொடுத்தார். அமெரிக்க சர்க்கார் அவரை மூன்று ஆண்டு விசாரணையில் வைத்திருந்தது. ஆயுதத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார் என்பது சந்தேகம்.

அந்த ஆயுதத்தைச் சாதாரண ஜனங்கள் எப்படிக் கையாண்டார்கள்? 1999-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். எல்லாரும் கடிதம் அனுப்பத் தெரிந்தவர்கள்தான். தொண்ணூறு நிமிஷம் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பேர்தான் ஒரு கடிதத்தைச் சரியாகப் பூட்டிக் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். சிலர் பூட்டாமலே ரகசியத்தை அனுப்பிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். எட்டு வயதுப் பையனிடம் திறவுகோல் என்ற ஒன்று இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தார்கள். பூட்டை ஜனங்களின் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துவிட்டார்கள். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் எல்லாச் செய்திகளுக்கும் தானாகவே பூட்டு விழும்படி செய்தார்கள். நூறு கோடிப் பேருக்கு மேல் ஒரே நாளில் ரகசிய எழுத்துக்காரர்கள் ஆனார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. வழியில் தபால்காரரோ கம்பெனிக்காரரோ படிக்க முடியாது. சீஸரும் அரவிந்தரும் பட்ட பாடு இல்லாமல், மீன்கார அம்மாளும் பால்காரரும் பூட்டிய ஓலை அனுப்புகிறார்கள்.

மலையிலிருந்து இறங்கி அத்தை வீட்டுக்கு வந்தோம். ஆம், அதே வீடுதான். ஆறு மாதம் கழித்து அத்தை அங்கேயே திரும்பிப் போனாள். மூன்று குழந்தைகள் பிறந்தன. மாமனாரையும் மாமியாரையும் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டாள். இப்போது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு போன்.

அந்தப் பழைய விஷயத்தை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. மலையில் நடந்ததைப் பையன் சொல்லவே, அவளாகவே ஆரம்பித்தாள்.

"அந்தக் கன்று நல்லாத்தான்டா இருந்துச்சு. தழைச்சிருக்கிற செடியை வாடிப்போச்சுன்னு எழுதினா மாமா படிச்சுட்டு விடுவாரா? அதனாலே, வடிச்ச கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க வேர்லே ஊத்தினேன். ரெண்டு நாள்லே கருகிப் போச்சு. அப்புறம்தான் காகிதம் எழுதினேன்."

நான் பேசாமல் இருந்தேன்.

"அப்புறம் உன் காகிதம் வந்துச்சு. மாமா உரக்கப் படிச்சாரு. 'உங்க அண்ணன் பிள்ளை கெட்டிக்காரன், சொன்னபடி செய்'ன்னுட்டாங்க அத்தை. உடம்பு நெருப்பாக் காயுது. தினம் ஒரு சொம்பு மோரு. பத்து நாள் செத்த செடிக்கு மோர் ஊத்தினேன்டா." சொல்லிவிட்டு அத்தை சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். எனக்குத்தான் முடியவில்லை.

பேச்சை மாற்ற வேண்டும் என்று போனைப் பற்றிக் கேட்டேன். "பம்பாயிலேருந்து பேத்தி ஏதாவது அனுப்பிட்டே இருக்கா. எனக்கெங்கே படிக்கத் தெரியுது இப்போ? இவன்தான் படிப்பான்" என்று பையனைக் காட்டினாள். நான் அங்கே இருந்தபோதே போன் மணி அடித்தது. பையன் வாங்கி, தெருவுக்கே கேட்கும்படி படித்தான். பேத்திக்கும் மாமியாருக்கும் ஏதோ மனஸ்தாபம். எதிர்த் திண்ணையில் இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அத்தை கையைக் காட்டினாள். பையன் நடுவிலே நிறுத்திவிட்டான்.

நான் சென்னைக்குத் திரும்பிய இரவு, அந்தப் பையனுடைய குரல் என் போனில் வந்தது. "தாத்தா, பாட்டி கேக்கச் சொன்னாங்க. உங்க வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று எப்படி இருக்குன்னு."

என் மனைவி போன பிறகு மூன்றாவது மாடியில் மகனோடு இருக்கிறேன். அங்கே கறிவேப்பிலை வைக்க மண் ஏது? வெகு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, "தழைத்திருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன்.